காட்டு விலங்கின் உண்ணியில் நோய்க்கிருமி தேடல்: எந்தச் சோதனை எதைச் சொல்லும்?

காட்டில் மேய்ந்துவிட்டு மாலையில் பட்டி திரும்பும் பர்கூர் மாடும், அதே காட்டில் திரியும் புள்ளிமானும் கடமானும் ஒரே தடத்தில் நடக்கின்றன. ஒன்றின் மேலிருந்து உதிர்ந்த உண்ணி முட்டையிட, அதன் குஞ்சுகள் புல்நுனியில் காத்திருந்து மற்றொன்றின் மேல் ஏறிக்கொள்கின்றன. ஆகவே சத்தியமங்கலம், ஆனைமலைக் காடுகளின் விலங்குகளிடமிருந்து எடுக்கும் உண்ணிகளில் என்னென்ன பாக்டீரியாக்கள் இருக்கின்றன என்பது அந்தியூரிலும் தாளவாடியிலும் மாடு வளர்ப்பவர்களுக்கும் உரிய கேள்வியே.

முதலில் ஒரு பெயர்க்குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். செய்தித்தாள்கள் 'உண்ணிக்காய்ச்சல்' என்று எழுதுவது பெரும்பாலும் ஸ்க்ரப் டைபஸ் நோயையே குறிக்கிறது. அதைப் பரப்புவது 'சிகர்' எனப்படும் மிகச் சிறிய மைட் குஞ்சு, மாட்டிலும் மானிலும் நாம் காணும் உண்ணியன்று. இங்கே தேடப்படுபவை உண்ணிகளில் காணப்படும் ரிக்கெட்சியா, அனப்ளாஸ்மா, எர்லிக்கியா, காக்ஸியெல்லா போன்ற பாக்டீரியாக்கள்.

செலவு குறைந்த வழி நுண்ணோக்கி. உயிருள்ள உண்ணியின் கால் நுனியை வெட்டி, கசியும் உடல்நீரைக் கண்ணாடித் தகட்டில் தடவி, கிமெனெஸ் சாயம் ஏற்றினால், ரிக்கெட்சியா பச்சைப் பின்னணியில் சிவப்புப் புள்ளிகளாகவும் சிறு கோல்களாகவும் தெரியும். ஆனால் கிருமி மிகுதியாக இருந்தால்தான் தெரியும். தெரிந்தாலும் அது நோய் தரும் இனமா, தீங்கற்ற இனமா என்று பிரித்தறிய இயலாது.

கிருமியை வளர்த்துக் காட்டுவது உறுதியான சான்று. எனினும் ரிக்கெட்சியா உயிருள்ள செல்களுக்குள் மட்டுமே பெருகுவதால், செல்வளர்ப்பும் மூன்றாம் நிலை உயிர்ப்பாதுகாப்பு ஆய்வகமும் வாரக்கணக்கான காத்திருப்பும் தேவைப்படுகின்றன. நூற்றுக்கணக்கான உண்ணிகளைச் சலித்துப் பார்க்க இது ஏற்றதன்று.

மீதமுள்ள பி.சி.ஆர்., மெட்டாஜெனோமிக்ஸ் ஆகிய இரண்டு முறைகளுக்கும் இடையில்தான் உண்மையான போட்டி. குறித்த டி.என்.ஏ. துண்டைப் பன்மடங்காகப் பெருக்கிக் காட்டும் பி.சி.ஆர். சோதனையில் நாம் எந்த மரபணுவைக் கேட்கிறோமோ அதற்கே விடை கிடைக்கும்: ரிக்கெட்சியா பேரினத்துக்கு 'ஜி.எல்.டி.ஏ.', அதற்குள் புள்ளிக்காய்ச்சல் குழுவுக்கு 'ஓ.எம்.பி.ஏ.', அனப்ளாஸ்மாவுக்கும் எர்லிக்கியாவுக்கும் 'குரோ.இ.எல்.'. சில மணி நேரத்தில் முடிவு வந்துவிடும். இரத்தம் குடித்து உப்பிய உண்ணியில் உள்ள ஹீம் என்னும் இரத்தச் சிவப்புப் பொருள் இந்த வினையைத் தடுக்கக்கூடும் என்பதால், 'கிருமி இல்லை' என்று வரும் விடையை உடனே நம்பிவிடக் கூடாது. இதைவிடக் கவலை தருவது, பொய்யாக 'உண்டு' என்று வரும் விடை. ஆட்டுப்பட்டிகளுக்கு முக்கியமான கியூ காய்ச்சலின் கிருமி காக்ஸியெல்லா பர்னெட்டி. அதைக் கண்டறியப் பயன்படும் 'ஐ.எஸ்.1111' என்னும் மரபணுத் துண்டு, உண்ணிக்குள்ளேயே குடியிருந்து அதற்கு வைட்டமின் ஊட்டும் காக்ஸியெல்லா உறவுக் கிருமிகள் சிலவற்றிலும் இருக்கிறது. எனவே இரண்டு மரபணுக்களிலேனும் விடை ஒத்துவந்து, பெருக்கிய துண்டின் வரிசையையும் படித்த பிறகே கிருமியின் பெயரை எழுதுவது நேர்மையாகும்.

எல்லாப் பாக்டீரியாக்களிலும் உள்ள 16எஸ் மரபணுவைக் கொண்டு அவற்றை ஒருசேரப் படிக்கும் மெட்டாஜெனோமிக்ஸ் முறை, நாம் கேட்க மறந்த கிருமியையும் காட்டித்தரும். இதுவரை எவரும் தேடிப் பார்க்காத காட்டுப்பகுதிக்கு அது பெரும் பயன்தான். ஆனால் குடியிருப்புக் கிருமிகளே பெரும்பங்கு வரிசைகளை எடுத்துக்கொள்வதும், முடிவு பெரும்பாலும் பேரின அளவிலேயே நின்றுவிடுவதும், சோதனைக்கூட வேதிப்பொருள்களில் இருக்கும் அந்நிய டி.என்.ஏ.கூடக் கணக்கில் ஏறிவிடுவதும் அதன் குறைகள். என் தேர்வு பி.சி.ஆர்.தான், சில மாதிரிகளை மட்டும் முன்னோட்டமாக மெட்டாஜெனோமிக்ஸுக்கு அனுப்பி, எதைத் தேடுவது என்று முடிவு செய்துகொள்ளலாம்.

எந்த முறையானாலும், விலங்கின் உடலில் ஒட்டியிருந்த உண்ணி அவ்விலங்கின் இரத்தத்தையும் சுமந்து வருகிறது. அதில் கண்ட கிருமி டி.என்.ஏ. அந்த இரத்தத்தினுடையதாகவே இருக்கலாம் என்பதால், அவ்வுண்ணி நோயைப் பரப்புகிறது என்று அதைக் கொண்டு சொல்லிவிட முடியாது. புல்லில் துணியை இழுத்துப் பிடித்த, இரை தேடும் உண்ணிகளையும் உடன் சோதிப்பது அவசியம்.

வனத்துறை அனுமதியுடன் எடுக்கும் மாதிரியை எந்தக் குப்பியில் போடுகிறோம் என்பதும் சோதனையைத் தீர்மானித்துவிடுகிறது. 70 சதவீத ஆல்கஹாலில் போட்டால் டி.என்.ஏ. நிலைக்கும், கிருமியை வளர்க்கும் வாய்ப்பு போய்விடும். முதுமலையை ஒட்டிய பந்திப்பூரில் 2012ஆம் ஆண்டு இறுதியில் தலைகாட்டிய கியாசனூர்க் காட்டுநோய் வைரஸால் வருவது. பாக்டீரியாவைத் தேடும் மேற்சொன்ன நான்கு சோதனைகளில் எதுவும் அதைக் காட்டாது, அவ்வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ.வைக் காக்கக் கடுங்குளிர் வேண்டும். சாலையில் அடிபட்டு இறந்த மானின் உடல் குளிரத் தொடங்கியதும் உண்ணிகள் இறங்கிப் போய்விடுமாதலால், சாலையோரத்தில் நிதானமாக யோசிக்க நேரம் இருக்காது. ஆல்கஹால் குப்பியுடன் குளிர்ப்பெட்டியையும் முன்கூட்டியே வண்டியில் வைத்திருக்க வேண்டும்.