துணையைத் தாக்கிய பெண்ணுக்கு எந்தக் கண்காணிப்பு: கலிபோர்னியா வழியா, டுலூத் வழியா?

கணவனையோ காதலனையோ அடித்ததாகத் தண்டனை பெற்ற பெண்ணைச் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைக் கண்காணிப்பில் விடுகிறார்கள். வன்முறையைக் கைவிடப் பழக்கும் வகுப்புகளில் அவளை எதில் உட்காரவைப்பது? அமெரிக்காவில் இதற்கு இரண்டு விடைகளைப் பார்க்கலாம்.

கலிபோர்னியா எல்லாவற்றையும் சட்டத்திலேயே எழுதிவைத்துவிட்டது. குற்றவியல் சட்டத்தின் 1203.097ஆம் பிரிவின்படி கண்காணிப்புக் காலம் குறைந்தது 36 மாதம். வாரம் 2 மணி நேரமாக ஓராண்டு வகுப்பு. 18 மாதத்துக்குள் முடித்தாக வேண்டும். தக்க காரணம் இருந்தாலும் 3 வகுப்புகளுக்கு மேல் விடுப்பு கிடையாது; நீதிமன்றம் விசாரித்துத் தளர்த்தினால்தான் உண்டு. ஆணோ பெண்ணோ, கணக்கு ஒன்றுதான். குழு மட்டும் தனி. கறாரான ஏற்பாடு. அதிகாரியின் மனம்போல் மாறாது என்பது நல்லதுதான். ஆனால் கைக்குழந்தையோடு பஸ் மாறி வருபவளுக்கு அந்த 3 விடுப்பு எந்த மூலைக்கு?

மினசோட்டாவின் டுலூத் நகரம், அவள் ஏன் கை ஓங்கினாள் என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறது. ஆண்களின் வன்முறையை ‘அதிகாரமும் கட்டுப்பாடும்’ என்ற சக்கரமாக வரைந்து காட்டிய அதே ஊர், பெண்களுக்கென்று வேறு பாடத்திட்டம் வகுத்தது. வருபவர்களில் பலர் அதே துணையிடம் அடிவாங்கியவர்கள் என்பதை அது கணக்கில் கொள்கிறது. தான் செய்ததற்கு அவள் பொறுப்பேற்க வேண்டும். தனக்கு நேர்ந்ததையும் வாய்திறந்து சொல்லலாம்.

என் ஓட்டு டுலூத்துக்கே. ஆனால் எல்லாப் பெண்களும் தற்காப்புக்காகத்தான் அடித்தார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக் கூடாது. துணையை அடக்கியாளவே அடிப்பவளும் உண்டு. அவளிடம் கலிபோர்னியாவின் கறார்தான் எடுபடும்.