லூர் செதுக்க எந்த மரம்? எட்டு வருஷம் செதுக்கிப் பார்த்ததில்

2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயலில் எங்கள் தெருமுனைக் கல்யாண முருங்கை வேரோடு சாய்ந்தது. மாநகராட்சி லாரி வருவதற்குள் நாலு கிளையை அறுத்து வீட்டுக்கு இழுத்து வந்துவிட்டேன். அதற்கு முந்தைய மாதம்தான் காசு கொடுத்து வாங்கிய இரண்டு லூரை, அதாவது மீனை ஏமாற்றத் தூண்டிலில் கட்டும் பொய்மீனை, எண்ணூர் முகத்துவாரப் பாறையில் சிக்கவைத்து அறுத்துக்கொண்டு வந்திருந்தேன், அந்தக் கடுப்பு. இனி நாமே செதுக்குவோம் என்று உட்கார்ந்தேன்.

கல்யாண முருங்கை பென்சில் சீவுவதை விடச் சுலபம், அரை மணி நேரத்தில் ஒரு மீன் வந்துவிடும். பெயின்ட் அடித்து டப்பாவில் வைத்தேன். மூணு மாதம் கழித்துத் திறந்தால் டப்பாவின் அடியில் கோதுமை மாவு மாதிரி ஒரு பொடி, லூரில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஓட்டைகள். உளுத்துவிட்டது. பச்சையாக அறுத்த மாவு மரம், பூச்சிக்கு விருந்து. உளுக்காத ஒன்றிரண்டிலும் தூண்டில் முள்ளை மாட்ட மரத்தில் திருகும் திருகுக்கொக்கி பிடிக்கவில்லை, கொடுவா ஒரு உலுக்கு உலுக்கியதும் கொக்கி முள்ளோடு போய்விட்டது.

அப்புறம் பால்சா. குட்டி விமானம் செய்பவர்கள் வாங்கும் மரம், பெரும்பாலும் ஈக்வடாரிலிருந்து வருகிறது. ஒரு கன மீட்டர் சுமார் 160 கிலோதான், தேக்கு என்றால் 650-ஐத் தொடும். உடம்பு இவ்வளவு லேசாக இருப்பதால் வயிற்றுக்குள் தாராளமாக ஈயம் வைக்கலாம், இழுக்கும்போது வாலாட்டம் அபாரமாக வரும். ஆட்டத்துக்கு மட்டும் மார்க் போட்டால் இன்றைக்கும் பால்சாதான் முதல். ஆனால் ஒரே கட்டுக்குள் ஒரு பலகை காகிதம் மாதிரி, இன்னொன்று இரண்டு மடங்கு கனம். கேட்டால் கடைக்காரர் "எல்லாம் பால்சாதான் சார்" என்கிறார். பழவேற்காட்டில் ஒரு சீலா கடித்ததில் மேலே பூசிய எபாக்சிப் பசையில் ஊசிமுனை அளவு பல் தடம் விழுந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. அடுத்த வாரம் பார்த்தால் வயிறு ஊதி, வெள்ளரிப்பழம் வெடித்த மாதிரி மேல்தோல் பிளந்து கிடந்தது.

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு நான் சொல்வது பைன். அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் சரக்கு அடுக்கும் பழைய பேலட் கட்டைகள் சுலபமாகக் கிடைக்கும். கட்டையில் முத்திரை இருக்கும், பாருங்கள்: ஹெச்.டி. என்றால் சூடாக்கிப் பதப்படுத்தியது, எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு வாயு காட்டியது, அதைத் தொடாதீர்கள். கணு இருக்கும் துண்டு வேண்டாம், எத்தனை கோட் அடித்தாலும் கணுவிலிருந்து பிசின் கசிந்து மஞ்சள் கறை எட்டிப் பார்க்கும். தண்ணீர் மேல் தெறித்து ஓடும் லூரான பாப்பருக்கு நல்ல மரம். தேக்கு? தச்சர் பட்டறையில் வெட்டுத் துண்டு சும்மாவே தருவார்கள், தூரமாகப் போய் விழும், ஆனால் எண்ணெய்ப் பசை உள்ள மரம், தின்னரால் துடைக்காமல் எபாக்சி பூசினால் உரிந்து வரும். வாலாட்டமும் மந்தம்.

இப்போது நான் செதுக்குவது மலைவேம்புதான். கோவளத்தில் ஒரு மீனவர் அண்ணன் பழைய கட்டுமரக் கட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்தார். இது என்ன மரம் என்று பேச்சுக் கொடுத்தேன். "மலைவேம்பு தம்பி. மரம் தண்ணி குடிக்கத்தான் செய்யும். அதான் கடலுக்குப் போய் வந்ததும் அவுத்துக் கரையில காய வைக்கிறது" என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதுவரை தண்ணீர் புகாத மரத்தையே தேடிக்கொண்டிருந்தேன், ஈர லூரைத் துடைக்காமல் டப்பாவில் போட்டு மூடிக்கொண்டும் இருந்தேன்.

மலைவேம்பை ஒட்டுப்பலகைக்காக நம் விவசாயிகள் வளர்க்கிறார்கள், செங்கல்பட்டுப் பக்கம் உறவினர் தோட்டத்தில் கழித்த கிளைகள் எனக்குக் கிடைத்தன. வால்டாக்ஸ் ரோடு மரக்கடைகளில் ஒரு அடி, இரண்டு அடி என்று கேட்டால் சிரிப்பார்கள். வெட்டிய அன்றே நெடுக்காகப் பிளந்து, இரண்டு முனையிலும் பழைய பெயின்ட்டைத் தடவி, பரணில் போடுகிறேன். முனையை மூடாவிட்டால் அங்கிருந்துதான் வெடிப்பு ஓடும். மாதம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்துத் துண்டின் மேலேயே எடையை எழுதிவைப்பேன். மூணு மாதம் எடை குறையாமல் நின்றால்தான் கத்தி எடுப்பது. சென்னை ஈரக்காற்றில் எனக்கு ஒரு வருஷம் பிடிக்கிறது.

திருகுக்கொக்கியை விட்டாச்சு, மூக்கிலிருந்து வால்வரை ஒரே துருப்பிடிக்காத கம்பிதான். முள் மாட்டும் துளைக்குள்ளும் வார்னிஷ் சொட்டு விடுகிறேன், தண்ணீர் முதலில் நுழைவது அங்கேதான். ஈயம் வைத்ததும் பக்கெட்டில் மிதக்கவிட்டுப் பார்க்கும்போது ஒன்று கவனியுங்கள். கடல்நீர் லிட்டருக்குச் சுமார் 1025 கிராம், அதனால் வீட்டுத் தண்ணீரில் மெல்ல மூழ்குவது முட்டுக்காட்டில் பாதியில் தொங்கிக்கொண்டு நிற்கும். இது தெரியாமல் ஆரம்பத்தில் நன்றாக இருந்த லூர்களிலேயே ஈயத்தைச் சுரண்டி எடுத்திருக்கிறேன்.

2021-இல் செதுக்கிய மலைவேம்பு லூர் ஒன்று இன்னும் ஓடுகிறது. பெயின்ட் இரண்டு தடவை மாற்றியாச்சு, முதுகில் கொடுவா உரசிய தழும்பு அப்படியே இருக்கிறது. பரணில் இன்னும் ஆறு துண்டு காய்கிறது, போன மாதம் நிறுத்தபோதும் நாலு கிராம் குறைந்திருந்தது.