தண்டனையா, பரிசா: குற்ற உணர்வு குறைந்த பிள்ளையிடம் எது எடுபடும்?

அடிதடியில் இறங்கும் பிள்ளைகள் எல்லோரும் ஒரே ரகம் இல்லை. ஒருவன் சீண்டினால் கொதிக்கிறான், கை நீண்டுவிடுகிறது, பிறகு தானே அழுகிறான். இன்னொருவன் அம்மா அடுப்படிக்குப் போகும்வரை காத்திருந்து, தம்பியை அடித்துப் பொம்மையைப் பறிக்கிறான். தம்பி அலறினாலும் முகத்தில் சலனமே இல்லை. மருத்துவச் சீட்டில் இருவருக்கும் 'நடத்தைக் கோளாறு' என்றே வரலாம்.

இரண்டாமவனுக்காக 2013இல் வந்த டிஎஸ்எம்-5 (அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோயறிதல் கையேடு) ஒரு துணைக்குறிப்பு சேர்த்தது. குற்ற உணர்வு இல்லாமை, பிறர் வலியில் அக்கறையின்மை, படிப்பு போன்றவற்றில் எப்படிச் செய்கிறோம் என்ற கவலையின்மை, மேலோட்டமான உணர்ச்சி ஆகிய நான்கில் குறைந்தது இரண்டு, 12 மாதமாவது, பல உறவுகளிலும் இடங்களிலும் தென்பட வேண்டும். ஒரே ஆசிரியர் சொன்னதை வைத்து முடிவு கட்டுவது பெரிய பிழை. வீட்டில் அடி வாங்கி மரத்துப்போன பிள்ளையும் வெளியே இப்படித்தான் தெரிவான். உள்ளே பதற்றம் நிறைந்திருக்கும்.

சின்ன வயதுக்குப் பெற்றோர் பயிற்சிதான் முதல் வழி. வழக்கமான பெற்றோர்–குழந்தை ஊடாட்டச் சிகிச்சையில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து பயிற்சியாளர் அம்மாவின் காதுக்கருவியில் பேசுவார். முதல் கட்டம் விளையாட்டு: 5 நிமிடத்தில் அம்மா குறிப்பான பாராட்டு 10 சொல்ல வேண்டும். 'நல்ல பையன்' கணக்கில் சேராது. 'தம்பிகிட்ட பொம்மையைத் திருப்பிக் கொடுத்த பாரு, எனக்கு ரொம்பப் பிடிச்சுது' சேரும். அடுத்த கட்டம் டைம் அவுட்: சொன்னது கேட்காவிட்டால் 3 நிமிடம் நாற்காலி, கடைசி 5 நொடி அமைதி.

பரிசு, தண்டனை என்ற இரண்டு வழியும் பிரிவது இங்கேதான். ஹாவ்ஸ், டாட்ஸ் என்ற ஆய்வாளர்கள் 4 முதல் 8 வயதுச் சிறுவர்களிடம் செய்த ஆய்வில் (2005), பாராட்டும் பரிசும் இரக்கக் குறைவுள்ளவர்களிடமும் மற்றவர்களைப் போலவே வேலை செய்தன. டைம் அவுட் சேர்த்தபோது மற்றவர்கள் மேலும் முன்னேறினார்கள், இவர்கள் அவ்வளவாக இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பது இவர்களை உறுத்தவே இல்லை. தண்டனை மாற்றத்தைக் கொண்டுவர, அது கொஞ்சமாவது கசக்க வேண்டுமே! அப்போது பெற்றோர் செய்வது தண்டனையைக் கூட்டுவது, 3 நிமிடம் 20 நிமிடமாகும், பிறகு பிரம்பு வரும். உறவில் மிச்சமிருந்த ஒட்டுதலும் போய்விடும்.

சிட்னியில் ஆய்வாளர் ஈவா கிமோனிஸ் குழு 3 முதல் 6 வயதினருக்கு அந்தப் பெற்றோர்–குழந்தை ஊடாட்டச் சிகிச்சையை மாற்றியமைத்தது. அம்மா அப்பாவின் கனிவுக்குத் தனிப் பயிற்சி, சொன்னதைச் செய்தால் உடனடிப் பரிசு, பிறர் முகத்தில் பயத்தையும் வருத்தத்தையும் படிக்கப் பழக்கும் கூடுதல் பகுதி. கடைசியது ஒப்புக்குச் சேர்த்ததல்ல: 'கண்ணைப் பார்' என்று சொன்னாலே இந்தப் பிள்ளைகள் பயத்தை அடையாளம் காண்பது மேம்படுகிறது என டாட்ஸ் 2006இல் காட்டியிருந்தார். பரிசு முறையிலும் கோளாறு வரும். முன்கூட்டிச் சொல்லாமல், அடம் பிடித்த பிறகு கொடுத்தால் அது லஞ்சம். ஒரே பரிசை நீட்டித்தால் இரண்டு வாரத்தில் சலித்துவிடும், மாற்றிக்கொண்டே இருங்கள்.

பதின்ம வயதில் சிறையைக் காட்டி மிரட்டும் 'ஸ்கேர்டு ஸ்ட்ரெய்ட்' பாணியை ஒதுக்கிவிடலாம். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், அதில் கலந்தவர்களிடம் குற்றம் கூடவே செய்தது. குடும்பம், பள்ளி, நண்பர் என எல்லா இடத்திலும் 3 முதல் 5 மாதம் கைவைக்கும் பல்முனைச் சிகிச்சை எவ்வளவோ மேல். சிறையளவுக்குப் போனவர்களுக்கு, 1995இல் தொடங்கிய, அமெரிக்காவின் விஸ்கான்சினிலுள்ள மெண்டோட்டா சிறார் சிகிச்சை மையம் இன்றைய நடத்தையை வைத்து நாளைய சலுகையைத் தீர்மானிக்கிறது. நேற்றைய தப்பு வாரக்கணக்கில் தொங்காததால் எதிர்ப்பு தணிகிறது.

ரிஸ்பெரிடோன் என்ற மனநல மருந்து மேற்சொன்னவற்றுக்கு மாற்றல்ல. மற்றவை பலிக்காதபோது, வெடிக்கும் கோபத்துக்கு, குறுகிய காலத்துக்கு மட்டும். தொடங்குமுன் எடை, சர்க்கரை, புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஆகியவற்றின் அளவுகளைக் குறித்துவையுங்கள். எடை வேகமாக ஏறும். காத்திருந்து அடிக்கும் பிள்ளைக்கு இதைப் பெரிதாக நம்ப வேண்டாம்.