கண்ணாடிக் கூரையா, வடக்கு ஜன்னலா?

துருவ ஒளியை, அதாவது வடதுருவத்தை ஒட்டிய நாடுகளின் இரவு வானில் ஒளிரும் அரோராவைப் பார்க்க விடுதி தேடினால் எங்கும் ஒரே படம்தான் கண்ணில் படும். பனிக்காட்டின் நடுவே ஒரு கண்ணாடிக் குமிழ், உள்ளே கட்டில், மேலே பச்சையாக எரியும் வானம். பின்லாந்தின் வட பகுதியான லாப்லாந்தில் அப்படி ஒரு இக்ளூவில் மூன்று இரவுகள் தங்கியிருக்கிறேன். மரத்தாலான அறைகளிலும் தங்கியிருக்கிறேன். அதற்குப் பிறகு எந்த விடுதியையும் ஒரே அளவுகோலால்தான் அளக்கிறேன்: வானில் ஒளி எழுந்ததற்கும் விருந்தினர் கண்ணில் அது தெளிவாக விழுவதற்கும் இடையே எத்தனை நிமிடங்கள் போகின்றன?

நிமிடக் கணக்கு பார்க்கக் காரணம் இருக்கிறது. அமைதியான இரவில் ஒளி ஒரு வெளிறிய பட்டையாக மணிக்கணக்கில் வானில் கிடக்கும். பிறகு திடீரென்று உடைந்து, திரைச்சீலைபோல் ஆடி, வானம் முழுக்கப் பரவும். அந்த உச்சம் பத்துப் பதினைந்து நிமிடங்களில் அடங்கிவிடலாம். பெரும்பாலும் இரவு பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில், அதாவது அசதியில் கண் சொருகும் நேரத்தில்தான் அது நடக்கும்.

இந்த அளவுகோலில் கண்ணாடி இக்ளூ முதலிடம் பெறும் என்று தோன்றும். சாரிசெல்காவுக்கு அருகே உள்ள காக்ஸ்லவுட்டானென் விடுதிதான் இவ்வகையை உலகறியச் செய்தது. வெளியே மைனஸ் முப்பது டிகிரி இருந்தாலும் உறைபனி படியாத வெப்பக் கண்ணாடி, உள்ளே கதகதப்பு, படுத்தபடியே வானம். குழந்தைகளோடும் முதியவர்களோடும் வருபவர்களுக்கு இதைவிட வசதி கிடையாது. அதை நான் மனதாரச் சொல்வேன்.

ஆனால் கண்ணாடி ஊடுருவிக் காட்டுவது மட்டுமல்ல, பிரதிபலிக்கவும் செய்யும். வெளியே இருள், உள்ளே ஒரு புள்ளி வெளிச்சம் என்றால் கூரை அந்தப் புள்ளியைத்தான் காட்டும். நான் தங்கிய இக்ளூவில் ஹீட்டரின் வெப்பநிலைக் காட்டியில் மிளகளவு பச்சை விளக்கு ஒன்று இருந்தது. அது தலைக்கு மேலே மூன்று கண்ணாடிப் பாளங்களில் மூன்று பச்சைப் பொட்டுகளாகத் தெரிந்தது. கம்பளிக் காலுறை ஒன்றை அதன்மேல் மாட்டிய பிறகுதான் நட்சத்திரங்கள் தெரிந்தன. பக்கத்து இக்ளூவில் படிப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அதை என்ன செய்ய முடியும்? மனிதக் கண் இருளுக்கு முழுமையாகப் பழக இருபது முப்பது நிமிடங்கள் ஆகும். யாரோ ஒரு விநாடி விளக்கைப் போட்டால் அத்தனையும் வீண். இவ்வளவு செலவு செய்து கண்ணாடி பதிப்பவர்கள் விளக்கைப் பற்றி யோசிக்காமல் விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. தரையோரம் மங்கலான சிவப்பு விளக்கு, குளியலறைக்கு இரட்டைத் திரை, மூடிவைக்கக்கூடிய சுவிட்சுப் பலகை, இவ்வளவு போதும்.

அடுத்தது, ஒளி வானில் எங்கே தோன்றுகிறது என்பது. துருவ ஒளி பூமியின் காந்த முனையைச் சுற்றி ஒரு வளையமாக அமைகிறது. தரையிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் உயரத்துக்கு மேலே அது ஒளிர்வதால், வளையம் நமக்கு முந்நூறு கிலோமீட்டர் வடக்கே இருந்தாலும் தெரியும். ஆனால் தலைக்கு மேலே அல்ல. கையை நீட்டிப் பிடித்தால் அடிவானத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில். நார்வேயின் டிரொம்சோ அமைதியான இரவிலும் ஏறக்குறைய அந்த வளையத்தின் கீழேயே இருக்கிறது. அங்கே கூரைக் கண்ணாடிக்கு வேலை உண்டு. ஆர்க்டிக் வட்டத்தின் ஓரத்தில் இருக்கும் பின்லாந்தின் ரோவானியெமியில், சூரியக் கிளர்ச்சியால் காந்தப் புயல் எழும் இரவுகளை விட்டால், ஒளி பெரும்பாலும் வடக்கே தாழ்வாகத்தான் நிற்கும். கண்ணாடிக் குமிழ்களை வரிசையாக அடுக்கிய விடுதியில் அந்த உயரத்தை மறைப்பது அடுத்த குமிழும் அதன் பின்னால் நிற்கும் பைன் மரங்களும்தான்.

ரோவானியெமியில் 2016இல் திறந்த ஆர்க்டிக் ட்ரீஹவுஸ் ஹோட்டலை ஸ்டுடியோ புயிஸ்டோ என்ற கட்டடக்கலை நிறுவனம் இதைப் புரிந்துகொண்டு வடிவமைத்தது. சரிவான நிலத்தில் கால்கள் மேல் நிற்கும் மரப்பெட்டிகள் அவை. மூன்று பக்கமும் மூடிய சுவர். ஒரு பக்கம் மட்டும் தரையிலிருந்து கூரைவரை ஜன்னல். சரிவில் நிற்பதால் முன்னால் இருக்கும் அறை பின்னால் இருப்பதை மறைப்பதில்லை. அடுத்த அறையின் விளக்கும் நம் கண்ணில் விழாது. மூடிய சுவர் வெப்பத்தைத் தேக்கும், மின்செலவும் குறையும். கோடையில் சூரியன் மறையாத வாரங்களில் ஒரே திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தூங்கலாம். கண்ணாடிக் குமிழில் அந்த வாரங்கள் பெரும்பாடு. ஐயமின்றி என் வாக்கு இந்த வடக்கு ஜன்னலுக்குத்தான்.

ஸ்வீடனின் யுக்கஸ்யார்வியில் இருக்கும் ஐஸ் ஹோட்டலைப் பலரும் இந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள். தோர்னே ஆற்றிலிருந்து அறுத்தெடுத்த பனிக்கட்டியால் ஆண்டுதோறும் புதிதாகக் கட்டி, வசந்தத்தில் ஆற்றுக்கே திருப்பிவிடுகிறார்கள். உள்ளே மைனஸ் ஐந்து டிகிரிக்கும் குறைவு, படுக்கைமேல் கலைமான் தோல். அற்புதமான கலைப்படைப்பு. ஆனால் குளிர் அறைக்குள் இருந்து வானம் தெரியாது. உறக்கப்பையிலிருந்து எழுந்து வெளியே வரவேண்டும். ஒரு இரவு அனுபவத்துக்காகத் தங்கலாம், ஒளிக்காக அல்ல.

கண்ணாடியே இல்லாமல் வென்றவர்களும் உண்டு. தெற்கு ஐஸ்லாந்தின் ஹோட்டல் ராங்காவில் ஒளி தோன்றினால் அறைக்கு அழைத்து எழுப்பிவிடுகிறார்கள். மரக்கட்டையால் ஆன சாதாரணக் கட்டடம்தான். ஆனால் விருந்தினர் நிம்மதியாகத் தூங்கலாம், விழித்திருக்கும் பொறுப்பு விடுதியுடையது. ஒரு கூரைக் கண்ணாடியின் விலைக்கு எத்தனை ஆண்டுகள் ஒரு இரவுக் காவலரை வைத்துக்கொள்ளலாம் என்று கட்டுபவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

இடம் தேர்ந்தெடுப்பதும் வடிவமைப்புதான். ஸ்வீடனின் அபிஸ்கோ என்ற ஊர் மலைகளின் மழைமறைவில் இருப்பதால் அங்கே ஆண்டுக்குச் சுமார் 300 மில்லிமீட்டர் மழைதான், மேகமும் குறைவு. அங்கே எளிய மலை விடுதியில் தங்கினாலே போதும். டிரொம்சோவில் கடல்மேகம் அடிக்கடி மூடும். அதனால் அங்கே நகரத்தில் சாதாரண அறை எடுத்து, மேகமில்லாத வானத்தைத் தேடி இரவில் பஸ்ஸில் கடற்கரையை விட்டு உள்ளே தள்ளிப் போவதே வழக்கம். சில இரவுகளில் பின்லாந்து எல்லைவரை ஓட்டிப் போவார்கள். மேகம் மூடிய இரவில் எந்தக் கண்ணாடியும் மேகத்தைத்தான் காட்டும்.

எந்த வகையைக் கட்டினாலும் நான் முதலில் பார்ப்பது கதவோரத்தை. எவ்வளவு நல்ல ஜன்னலாக இருந்தாலும், ஒளி உச்சத்துக்குப் போனதும் யாரும் உள்ளே இருக்கமாட்டார்கள். குளிர்கால உடை முழுவதையும் மாட்டிப் பூட்ஸைக் கட்ட எனக்குப் பத்து நிமிடங்கள் பிடித்தன; அந்த ஆட்டத்தில் பாதி அதிலேயே போய்விட்டது. அதனால் வெளிக்கதவுக்கும் உட்கதவுக்கும் இடையே ஒரு சிறு அறை, ஆளுக்கொரு கொக்கி, ஈரமான பூட்ஸை உலர்த்த வெதுவெதுப்பான தட்டு, உட்கார்ந்து மாட்ட ஒரு பலகை, இருட்டிலும் கைக்கு எட்டும் இடத்தில் கையுறை. அங்கிருந்து மூன்று படிகள் இறங்கினால் வடக்கே திறந்த வெளி, பனியைச் சுத்தமாக வாரிவிட்ட தரை.