ஒருநாள் கருத்தரங்கமா, ஆண்டு மாநாடா? டெல்டாவில் இருந்து ஒரு கணக்கு

ஜனவரி பிறந்தால் போதும், தஞ்சாவூர், திருச்சி, கும்பகோணம் பக்கத்துக் கல்லூரிகளில் கருத்தரங்க அழைப்பிதழ்கள் வரிசை கட்டும். மார்ச் 31-க்குள் நிதியைச் செலவழித்துக் கணக்குக் காட்ட வேண்டுமே! நெல் வேர்மண்ணில் பாக்டீரியா தேடும் எனக்கோ அது சம்பா அறுவடை நேரம். வயலுக்குப் போவதா, மேடைக்குப் போவதா என்று வருடா வருடம் இழுபறிதான். நான்கு வருடத்தில் மூன்று வகையையும் பார்த்துவிட்டேன்: உள்ளூர் ஒருநாள் கருத்தரங்கம், இந்திய நுண்ணுயிரியலாளர் சங்கத்தின் ஆண்டு மாநாடு, இணையவழிக் கூட்டம்.

கடைசியில் சொன்னதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பெரிய ஆட்களின் உரையைச் செலவில்லாமல் கேட்கலாம், அவ்வளவுதான். கேமராவை அணைத்துவிட்டுப் பாதிப் பேர் லேபில் பாக்டீரியா வளர்க்கும் பிளேட் ஊற்றிக்கொண்டிருப்பார்கள், நானும் ஊற்றியிருக்கிறேன்.

உள்ளூர்க் கருத்தரங்கத்துக்குப் பஸ் காசும் சின்னப் பதிவுக் கட்டணமும் போதும். இரவே வீடு திரும்பிவிடலாம், இன்குபேட்டரில் வைத்த குழாய்களை மறுநாள் காலை பார்த்துக்கொள்ளலாம். ஆனால் குத்துவிளக்கு, பொன்னாடை, வாழ்த்துரை என்று பொழுது ஓடிவிடும். ஓர் ஊரில் எனக்கு ஒதுக்கிய பத்து நிமிடம் நாலாகச் சுருங்கி, முடிவுகள் வரும் ஸ்லைடுக்கு முன்பே மணி அடித்துவிட்டார்கள். சான்றிதழுக்காகவே வரும் கூட்டமும் உண்டு. முனைவர் பட்டத்துக்கு இரண்டு கருத்தரங்கக் கட்டுரைகள் கட்டாயம் என்றன பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2016 விதிகள். 2022 விதிகளில் அது போய்விட்டது, பழக்கம்தான் போகவில்லை.

இருந்தாலும் என் ஆய்வைப் புரட்டிப் போட்ட கேள்வி அப்படியொரு கூட்டத்தின் டீ இடைவேளையில்தான் வந்தது. ஒரத்தநாடு பக்கத்து வயல்களில் பிரித்தெடுத்த அசோஸ்பைரில்லம் (காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துப் பயிருக்கு உதவும் பாக்டீரியா) பற்றி அங்கே போஸ்டர் வைத்திருந்தேன். நைட்ரஜன் சேர்க்காத கொழகொழ வளர்ப்பு ஊடகத்தில், மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே மெல்லிய வெள்ளைப் படலம். பச்சையாக இருந்த ஊடகம் நீலமாகியிருக்கும். அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டுப் பெருமையாக நின்றேன். ஓய்வுபெற்ற வேளாண் பேராசிரியர் ஒருவர் கையில் வடையோடு வந்து பார்த்தார். "இது புது ஆத்துத் தண்ணி பாயிற வயலா, போர் தண்ணியாம்மா?"

புது ஆறு என்றால் கல்லணைக் கால்வாய். எந்த வயலுக்கு எந்தத் தண்ணீர் என்று நான் குறித்து வைக்கவில்லை. "போர் தண்ணியில உப்பு இருந்துச்சுன்னா அங்க தங்குற பாக்டீரியாவே மாறிடும்மா" என்றார். அடுத்த சம்பாவில் கால்வாய் வயல், போர் வயல் என்று தனித்தனியாக மாதிரி எடுத்தேன். மண்ணின் உப்புத்தன்மையையும் அளந்தேன். ஒப்பிட்டுப் பார்க்க வேதாரண்யம் பக்கத்துக் கடைமடை வயல்களையும் சேர்த்துக்கொண்டேன்.

ஆண்டு மாநாடு வேறு உலகம். சங்கம் 1938-இல் தொடங்கியது. மாநாடு ஊர் ஊராக மாறும், பெரும்பாலும் வருடக் கடைசியில் வரும். போஸ்டர் குழலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உழவன் எக்ஸ்பிரஸில் மேல் பர்த்தில் படுத்து எழும்பூர் போய், அங்கிருந்து இன்னொரு ரயில். போக வர ஒரு வாரம் காலி. மத்திய அரசின் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். தரும் உதவித்தொகை வாங்குபவருக்கு ஆண்டுக்கு 20,000 ரூபாய் இதரச் செலவுத் தொகை வரும். ஆய்வகச் சாமானும் அதில்தான் வாங்கியாக வேண்டும். அதுவும் இல்லாதவருக்குக் கைக்காசுதான்.

அங்கே என் போஸ்டரின் தலைப்பைப் படித்துவிட்டு நகர்ந்தவர்களே அதிகம். பாசனம் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. புது ஆறு எது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஆனால் சண்டிகரில் உள்ள எம்.டி.சி.சி. நுண்ணுயிர்ச் சேமிப்பகத்தில் பாக்டீரியாவை ஒப்படைத்து எண் வாங்குவது எப்படி என்று, ஏற்கெனவே வாங்கிய ஒருவரிடம் சாப்பாட்டு வரிசையில் தெரிந்துகொண்டேன். போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) பேச்சும் அந்த வரிசையில்தான் ஆரம்பித்தது. முகம் பார்த்தவருக்கு மெயில் அனுப்பினால் பதில் வருகிறது.

அதனால் முதல் இரண்டு வருடம் உள்ளூர், கையில் முடிவுகள் சேர்ந்த பிறகு ஆண்டு மாநாடு என்பது என் கணக்கு. உள்ளூரிலும் யார் வருகிறார்கள் என்று பார்த்துத்தான் போக வேண்டும். மருத்துவம், மேலாண்மை, பொறியியல், உயிரியல் எல்லாம் ஒரே நோட்டீஸில் இருந்து, அனுப்பிய ராத்திரியே கட்டுரை ஏற்கப்பட்டால் அந்தப் பக்கம் தலைவைக்காதீர்கள்.

போன வாரம் முதல் வருட ஜூனியர் ஓர் அழைப்பிதழோடு வந்தாள். பேச்சாளர் பட்டியலில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்துக்காரர் ஒருவர் இருந்தார். "பேர் கொடுத்துடும்மா" என்றேன். "போஸ்டர்ல எந்தத் தண்ணின்னு மட்டும் எழுத மறந்துடாதே."