நெபந்தஸ் வாங்கும் முன்: ராஜாவா, ஆம்புல்லேரியாவா, வென்ட்ராட்டாவா?

நெபந்தஸ் என்னும் பூச்சி தின்னும் குடுவைச் செடி மேல் ஆசை வந்தவர்கள் பெரும்பாலும் படத்தில் எந்தக் குடுவை பெரிதாக, சிவப்பாக இருக்கிறதோ அதைத்தான் முதலில் தேடுகிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது உங்கள் வீட்டில் இரவில் எவ்வளவு குளிர்கிறது என்பதைத்தான். காற்றில் ஈரம் போதவில்லையா, செடியைக் கண்ணாடித் தொட்டிக்குள் வைத்துக் கூட்டிவிடலாம். வெளிச்சம் குறைவா, எல்இடி விளக்கு போட்டால் போதும். ஆனால் ஒரு செடிக்காக ராத்திரி முழுக்க அறையைக் குளிரவைப்பது, அதுவும் வருஷம் பூரா, சாதாரண வேலை இல்லை.

எல்லாரும் கேட்கும் ராஜாவையே எடுத்துக்கொள்வோம். போர்னியோ தீவின் கினபாலு மலைப் பகுதியில், 1500 மீட்டருக்கு மேல் வளரும் செடி இது. 1859இல் ஜோசப் ஹூக்கர் பெயர் சூட்டிய இந்த இனத்தின் பெரிய குடுவைகள் 3 லிட்டர் நீர்கூடப் பிடிக்கும். அழகில் இதற்கு ஈடு இல்லை, அதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் பகலில் மிதமான வெப்பமும் இரவில் 10 முதல் 15 டிகிரி வரை குளிரும் இதற்கு வேண்டும். இரவும் புழுக்கமாகவே இருக்கும் வீட்டில் இது மெல்ல மெல்லத் தேய்ந்துபோகும். வளர்ச்சியும் மிக மெதுவு, பெரிய குடுவைக்குப் பல வருஷம் காத்திருக்க வேண்டும். காட்டிலிருந்து பிடுங்கி விற்பதற்கு சர்வதேசத் தடை உள்ள இனம் என்பதால், நர்சரியில் பெருக்கிய செடிதானா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

ஆம்புல்லேரியா நேர் எதிர். தாழ்நிலக் காடுகளின் நிழலில் வளர்வது. இரவிலும் 20 டிகிரிக்குக் கீழே போகாத வீட்டுக்கு இதுதான் பொருத்தம். உருண்டையான குட்டிக் குடுவைகள் தரையை ஒட்டிக் கூட்டமாக முளைக்கும். மற்ற இனங்களில் மூடி குடுவை வாய்க்கு மேலே குடை போல நிற்கும். இதில் மூடி பின்னால் மடங்கியிருக்கும், அதனால் மேலிருந்து உதிரும் சருகு நேராக உள்ளே விழும். அந்தச் சருகு மட்கும்போது வரும் சத்தையும் இது எடுத்துக்கொள்கிறது. பூச்சியை மட்டுமே நம்பியிராத நெபந்தஸ் என்பதே எனக்கு இதைப் பிடிக்க முக்கியக் காரணம். சிக்கல் ஈரப்பதத்தில்தான். வறண்ட அறையில் இலை விடும், குடுவை விடாது. கண்ணாடித் தொட்டி வைக்க இடமிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

வென்ட்ராட்டா ஒரு கலப்பினம், பெற்றோர் இரண்டுமே பிலிப்பைன்ஸ் இனங்கள். குளிரும் தாங்கும், வெக்கையும் தாங்கும், திறந்த ஜன்னலோரத்திலும் குடுவை விடும். சாதாரணச் செடி என்று சேகரிப்பாளர்கள் இதை ஒதுக்குவார்கள், அதில் எனக்கு உடன்பாடே கிடையாது. புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். இலை பெரிதாக, கரும்பச்சையாக வந்துகொண்டே இருந்து, இலை நுனியில் குடுவையாக வேண்டிய மொட்டு மட்டும் உப்பாமல் காய்ந்தால், பெரும்பாலும் வெளிச்சமோ ஈரப்பதமோ போதவில்லை என்று பொருள். இலையில் லேசான சிவப்பு ஏறினால் வெளிச்சம் நன்றாகவே கிடைக்கிறது.

மூன்றுக்கும் பொதுவானவை சில உண்டு. மழைநீர் அல்லது ஆர்ஓ நீர்தான், உப்பு நிறைந்த நீர் வேரைக் கெடுக்கும். தோட்ட மண்ணும் தொழுவுரமும் கூடவே கூடாது. ஸ்பாக்னம் என்னும் சதுப்புநிலப் பாசியும், பெர்லைட் என்னும் லேசான வெள்ளைக் கல் துகளும் கலந்தால் போதும். ஈரம் எப்போதும் இருக்கட்டும், ஆனால் தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் ஊறவிடாதீர்கள். இறைச்சித் துண்டு போட்டால் குடுவை அழுகும், எறும்பு ஒன்றிரண்டு தானே விழுந்தாலே தாராளம். பழைய குடுவைகள் காய்வது இயல்பு, அதற்காகப் பதற வேண்டாம்.

வென்ட்ராட்டா சில வருஷத்தில் கொடியாக நீண்டு, அடியில் குடுவை குறைந்துபோகும். அப்போது தயங்காமல் தண்டை வெட்டுங்கள். அடியிலிருந்து புதுத் தளிர் வரும். வெட்டிய துண்டை இரண்டு மூன்று கணுவோடு ஈரப் பாசியில் நட்டு, மேலே மூடி வைத்தால் ஓரிரு மாதத்தில் வேர் பிடித்துவிடும்.