ஒத்துவாக்கிய வேதாகமம்: வாக்குத்தத்த அட்டையைத் தாண்டி வாசிக்க

புத்தாண்டு ஆராதனையில் கிடைத்த வாக்குத்தத்த அட்டை (அந்த வருஷத்துக்கென்று ஒரு வசனம் அச்சிட்டது) வருஷம் முழுக்க வேதாகமத்துக்குள்ளேயே இருக்கும். அந்த வசனம் வருகிற அதிகாரத்தை வாசிக்காமலே அடுத்த அட்டை வந்துவிடும். இந்தப் பழக்கத்தைத் தாண்டி வளர நினைப்பவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது, பழைய திருப்புதல் என்னும் வேதாகம மொழிபெயர்ப்பின் ஒத்துவாக்கியப் பதிப்பு; அதாவது, ஒரு வசனத்தோடு தொடர்புள்ள மற்ற வசனங்களைக் குறிப்புகளில் காட்டும் பதிப்பு. விளக்கவுரை பிறகு வாங்கலாம். விளக்கவுரையில் இன்னொருவர் தேடிக் கண்டது இருக்கும். ஒத்துவாக்கியப் பதிப்பில் நீங்களே தேட வேண்டும்.

அட்டைகளில் அடிக்கடி வரும் எரேமியா 29:11 (‘சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’ என்ற வசனம்), பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதத்தின் வரி. அதற்கு முந்தின வசனமே எழுபது வருஷம் என்கிறது. 5-ம் வசனம் அங்கேயே வீடு கட்டித் தோட்டம் போடச் சொல்கிறது. விசா சீக்கிரம் கிடைக்கும் என்று அதற்கு அர்த்தம் இல்லை.

குறிப்புகளைப் பயன்படுத்திப் பழக மாற்கு 7 நல்ல இடம். 6-ம் வசனத்திலிருந்து ஏசாயா 29:13-க்கும், 10-ம் வசனத்திலிருந்து யாத்திராகமம் 20:12, 21:17-க்கும் போய்வாருங்கள். கைகழுவுவதில் தொடங்கிய பேச்சு, ‘கொர்பான்’ (காணிக்கையாகக் கொடுத்தாயிற்று) என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிடுவதில் போய் நிற்பது அப்போது தெரியும். அவசரமில்லாமல் முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

ஒரு குறை உண்டு. தமிழ்ச் சொல்லை வைத்துத் தேடினால் சில இடங்கள் தப்பிவிடும். மாற்கு 7-இல் இயேசு கண்டித்துப் பேசும்போது ‘பாரம்பரியம்’ என்று வரும் அதே கிரேக்கச் சொல், 2 தெசலோனிக்கேயர் 2:15-இல் ‘முறைமைகள்’ ஆகியிருக்கிறது. அங்கே பவுல் அவற்றைக் கைக்கொள்ளவே சொல்கிறார். இது தெரியாதவர்கள் பாரம்பரியம் எல்லாமே தப்பு என்று திருவிருந்து ஒழுங்கையும் விசுவாசப் பிரமாணத்தையும் சேர்த்தே தூக்கியெறிகிறார்கள்; அதை முதிர்ச்சி என்று சொல்ல முடியாது. 1995-இல் வந்த இன்னொரு தமிழ் மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

வாங்கும்போது, வசன எழுத்தைவிடக் குறிப்பு எழுத்தை வாசித்துப் பாருங்கள். அதுதான் மிகப் பொடியாக இருக்கும். நடுவில் விரித்தால் தையல் நூல் தெரிய வேண்டும். வெறும் பசையால் ஒட்டியது தினசரிப் புரட்டலுக்குத் தாங்காது. தாள் மெல்லியது, ஜெல் பேனா மறுபக்கம் ஊறும்; பென்சிலே போதும். ஜிப் உறைக்குள் அட்டைகளையும் காணிக்கைக் கவர்களையும் திணித்தால் ஆதியாகமப் பக்கங்கள்தான் முதலில் கழன்று வரும்.